'பார்மட்' அடிக்கும் முன் ஒரு நிமிஷம்! போட்டோஷாப் மறுபடி ஏற மறுப்பது ஏன்? மிச்சம் கிடக்கும் பைல்களை பத்திரமாக நீக்குவது எப்படி?

சிவகாசி,

ஆடிப்பெருக்கு என்றால் மற்ற ஊர்களில் ஆற்றங்கரை. சிவகாசியில் அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பம். ஆடி 18 அன்று பூஜை போட்டு ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பிப்பது இங்குள்ள அச்சகங்களின் பல வருஷத்து பழக்கம். அதற்கு முந்தைய வாரங்களில் டிசைனர்களுக்கு ராத்திரி, பகல் கிடையாது. முருகன் படத்துக்கு பின்னணி மாற்றுவது, ஜவுளிக்கடை பெயரை பொருத்துவது என்று போட்டோஷாப் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டரும் மக்கர் பண்ணும்!

புது வெர்ஷன் ஏற்றும்போது பாதியில் கரண்ட் கட். அல்லது 'சி' டிரைவில் இடம் இல்லாமல் 80 சதவீதத்தில் நின்று போகும். பதற்றத்தில் நாம் என்ன செய்கிறோம்? புரோகிராம் பைல்ஸ் உள்ளே போய், போட்டோஷாப் போல்டரை அப்படியே பிடித்து டெலிட் செய்கிறோம். பிறகு மறுபடி இன்ஸ்டால் போட்டால், 'இன்ஸ்டாலேஷன் பெயில்டு' என்று வருகிறது. நாலு தடவை போட்டாலும் அதே பதில்தான்.

உடனே மெக்கானிக்கிற்கு போன் போகும். அவர் வந்து பார்த்துவிட்டு சொல்லும் முதல் வார்த்தை, "பார்மட் அடிச்சிடலாம் சார்".

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. 'சி' டிரைவை பார்மட் செய்தால் டெஸ்க்டாப்பில் கிடக்கும் கஸ்டமர் பைல்கள், டாகுமெண்ட்ஸ், தமிழ் எழுத்துருக்கள், வருஷக்கணக்கில் செய்து வைத்த ஆக்‌ஷன்கள் எல்லாம் ஒரேயடியாக போய்விடும். பெரும்பாலான நேரங்களில் இதற்கு பார்மட் தேவையே இல்லை. மிச்சம் கிடக்கும் பழைய பைல்களை முறையாக துடைத்தால் போதும். அதன் விவரம் வருமாறு:-

கியாஸ் கனெக்‌ஷன் மாதிரி!

வாடகை வீட்டை காலி செய்தவர், தன் கியாஸ் கனெக்‌ஷனை ஒப்படைக்காமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக குடி வந்தவர் விண்ணப்பித்தால், 'இந்த முகவரியில் ஏற்கனவே கனெக்‌ஷன் இருக்கிறதே' என்று ஏஜென்சியில் கேட்பார்கள். போட்டோஷாப் விஷயமும் இதே கதைதான்.

போட்டோஷாப் ஒரே இடத்தில் உட்காருவது இல்லை. மெயின் புரோகிராம் புரோகிராம் பைல்சில் இருக்கும். பல அடோபி சாப்ட்வேர்களுக்கும் பொதுவான பகுதிகள் காமன் பைல்ஸ் என்ற போல்டருக்குள் அடோபி என்ற பெயரில் இருக்கும். புரோகிராம் டேட்டா என்ற மறைவான போல்டரில் கொஞ்சம். உங்கள் யூசர் பெயருக்கு கீழே ஆப் டேட்டாவில் செட்டிங்குகள். இது போக விண்டோசின் ரிஜிஸ்ட்ரியில் ஏகப்பட்ட பதிவுகள்.

எந்தெந்த பகுதி ஏறி இருக்கிறது என்று எழுதி வைக்கும் ஒரு பதிவேடும் உண்டு. காமன் பைல்ஸ், அடோபிக்குள் 'கேப்ஸ்' என்று ஒரு போல்டர் இருக்கும். அந்த பதிவேடு அங்கேதான் இருக்கிறது.

நாம் புரோகிராம் போல்டரை மட்டும் கையால் அழிக்கும்போது, வீட்டை இடித்துவிட்டோம். பதிவேட்டில் பேர் அப்படியே நிற்கிறது. புது இன்ஸ்டாலர் வந்து பதிவேட்டை பார்க்கிறது. 'இந்த பகுதி ஏற்கனவே இருக்கே' என்று தாண்டிப் போகிறது. அல்லது பழையதை நீக்கப் பார்க்கிறது, அது கிடைக்காமல் கோபித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. சி.எஸ்.5, சி.எஸ்.6 காலத்தில் 'எக்சிட் கோட் 6', 'எக்சிட் கோட் 7' என்று வந்து டிசைனர்களின் தூக்கத்தை கெடுத்ததில் இந்த மிச்ச பைல்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் காப்பாற்ற வேண்டியது தமிழ் பாண்ட்

எதையும் நீக்கும் முன்பு ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கை சொருகுங்கள். பி.எஸ்.டி. பைல்களை காப்பி எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கோட்டை விடுவது எழுத்துருவில், அதாவது நம் டி.டி.பி. ஆட்கள் 'பாண்ட்' என்று சொல்வதில்.

விண்டோசின் பாண்ட்ஸ் போல்டரில் போட்ட எழுத்துரு போட்டோஷாப்பை நீக்கினாலும் இருக்கும். ஆனால் சீனியர் டிசைனர்கள் சிலர் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார்கள். காமன் பைல்ஸ், அடோபி போல்டருக்குள் 'பாண்ட்ஸ்' என்ற போல்டரில் எழுத்துருக்களை கொட்டி வைத்தால் அடோபி சாப்ட்வேர்களுக்கு மட்டும் அவை தெரியும். மற்ற புரோகிராம்கள் மெதுவாகாது என்பதற்காக செய்வது. 'மிச்சம் மீதியை எல்லாம் அழிக்கிறேன் பார்' என்று அந்த அடோபி போல்டரை மொத்தமாக தூக்கினால், தமிழ் எழுத்துருக்களும் சேர்ந்து போகும்.

போனால் என்ன, மறுபடி போட்டுக்கலாமே என்கிறீர்களா? பத்து வருஷத்துக்கு முன்பு ஏதோ சி.டி.யில் வந்த பாண்ட், இன்றைக்கு எங்கே போய் தேடுவது?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பாண்ட் இல்லாத பி.எஸ்.டி.யை திறந்தால், முதலில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். பழைய படத்தை போட்டோஷாப் அப்படியே காட்டும். தேதியை மாற்றலாம் என்று அந்த எழுத்து லேயரை தொட்டீர்களோ, போச்சு. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் பாண்டுகள் ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி மாட்டியவை. முகமூடி கழன்றால் ஆங்கிலம்தான் மிஞ்சும். பாமினி பாண்டில் 'தமிழ்' என்று அடித்திருந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நாலு எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் வரும்! முருகன் படத்துக்கு கீழே இதை பார்க்கும் ஜவுளிக்கடைக்காரர் என்ன சொல்வார் என்று சொல்ல வேண்டியது இல்லை.

எனவே இரண்டு இடத்து பாண்டுகளையும் காப்பி எடுங்கள். விண்டோஸ் 10-ல் 2018-ம் ஆண்டு வந்த ஒரு அப்டேட்டுக்கு பிறகு, டபுள் கிளிக் செய்து போடும் பாண்ட், அந்த யூசருக்கு மட்டும் தனியாக ஆப் டேட்டாவுக்குள் போய் உட்காரும். அது மூன்றாவது இடம். அதையும் பாருங்கள்.

அடுத்து ஆக்‌ஷன். ஒரே பட்டனில் கலர் சரி செய்து, சைஸ் மாற்றி, பார்டர் போடுகிற மாதிரி செய்து வைத்திருப்பீர்கள். போட்டோஷாப் திறக்க முடிகிற நிலையில் இருந்தால் ஆக்‌ஷன்ஸ் பேனலின் மெனுவில் 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' கொடுத்து வெளியே எடுத்துவிடுங்கள். பிரஷ், பேட்டர்ன் எல்லாவற்றுக்கும் எடிட் மெனுவில் பிரீசெட்ஸ் பகுதியில் எக்ஸ்போர்ட் வசதி உண்டு. திறக்கவே முடியவில்லையா? யூசர் பெயருக்கு கீழ் ஆப் டேட்டா, ரோமிங், அடோபி என்று போய், அந்த போல்டர் முழுவதையும் காப்பி எடுத்து வையுங்கள். ஆப் டேட்டா கண்ணுக்கு தெரியவில்லை என்றால் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்ய வேண்டும். வெளியில் வாங்கிய பிளக்-இன் இருந்தால் அதன் சீரியல் நம்பரையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே மிச்ச பைல்தானா?

இன்ஸ்டால் பெயிலானதற்கு எல்லாம் பழைய பைல்தான் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. 'சி' டிரைவில் சிவப்பு கோடு தெரிகிறதா? அப்படியானால் முதலில் இடம் பண்ணுங்கள். டவுன்லோடு ஆகும் பைலின் அளவு மட்டும் இடம் இருந்தால் பத்தாது, அதை பிரித்து போடவும் தனியாக இடம் வேண்டும். விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று ரீஸ்டார்ட் கேட்டுக்கொண்டு இருந்தாலும் இன்ஸ்டாலர் முரண்டு பிடிக்கும்.

காரணத்தை கம்ப்யூட்டரே எழுதி வைத்திருக்கும். புரோகிராம் பைல்ஸ் எக்ஸ்86-ல் காமன் பைல்ஸ், அடோபி, இன்ஸ்டாலர்ஸ் என்று போனால் 'இன்ஸ்டால் லாக்' என்ற பைல் கிடைக்கும். நோட்பேடில் திறந்து கடைசிக்கு போய், அங்கிருந்து மேல் நோக்கி 'எர்ரர்', 'பேட்டல்' என்ற வார்த்தைகளை தேடுங்கள். எந்த பைலில், எந்த போல்டரில் இடித்தது என்று அந்த வரியில் இருக்கும். மெக்கானிக்கிற்கு போன் செய்வதாக இருந்தாலும் இந்த வரியை போட்டோ எடுத்து அனுப்புங்கள். 'ஏறமாட்டேங்குது' என்று மட்டும் சொன்னால் அவரும் பார்மட் என்றுதான் சொல்வார்.

வரிசை முக்கியம்

மிச்சத்தை துடைப்பதற்கும் முன்பு, முறைப்படி நீக்க முடிகிறதா என்று பாருங்கள்.  கிரியேட்டிவ் கிளவுடு ஆப்பை திறந்து, போட்டோஷாப்புக்கு நேராக உள்ள மூன்று புள்ளியில் அன்இன்ஸ்டால் கொடுங்கள். செட்டிங்குகளை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். மேலே சொன்னபடி காப்பி எடுத்தாகிவிட்டது என்றால் அழிக்கச் சொல்லலாம். சில நேரம் கெட்டுப்போன செட்டிங் பைலே வில்லனாக இருக்கும்.

கிரியேட்டிவ் கிளவுடு ஆப்பை மட்டும் முதலில் நீக்கப் பார்த்தால், மற்ற சாப்ட்வேர்கள் இருக்கும் வரை அது போகாது. எனவே அதில்தான் கோளாறு என்றால்கூட அதை கடைசியாகத்தான் நீக்க வேண்டும். முடிந்ததும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதை பலர் செய்வதே இல்லை. பின்னணியில் ஓடும் அடோபி புரோகிராம்கள் பைலை பிடித்துக்கொண்டே இருக்கும், விடாது.

கறுப்பு திரையை கண்டு பயம் வேண்டாம்

அன்இன்ஸ்டாலும் பெயிலானால்தான் அடுத்த ஆயுதம். 'கிரியேட்டிவ் கிளவுடு கிளீனர் டூல்' என்று அடோபி கம்பெனியே இலவசமாக கொடுக்கிறது. அதை அடோபியின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். இதே பெயரில் வேறு எங்காவது கிடைத்தால் தொடவே வேண்டாம்.

டவுன்லோடு ஆனதும் ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்டிரேட்டர்' கொடுங்கள். கறுப்பு திரை ஒன்று வரும். மவுசுக்கு அங்கே வேலை இல்லை. மொழி கேட்கும்போது ஆங்கிலத்துக்கு 'ஈ' எழுத்தை அடித்து என்டர். நிபந்தனையை படித்துவிட்டு ஏற்க 'ஒய்' எழுத்து. பிறகு எண் போட்ட பட்டியல் வரும்.

இங்கே ஒரு நிமிஷம் நிதானம் தேவை. 'எல்லாவற்றையும் நீக்கு' என்று ஒரு எண்ணும் பட்டியலில் இருக்கும். அவசரத்தில் அதை அடித்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் எல்லாமும் சேர்ந்து காலியாகும். உங்களுக்கு தகராறு செய்வது எதுவோ, அதன் பெயருக்கு எதிரே உள்ள எண்ணை மட்டும் அடித்து, உறுதி கேட்கும்போது 'ஒய்' கொடுங்கள். வேலை முடிந்ததாக செய்தி வந்ததும் மறுபடி ரீஸ்டார்ட்.

பி.டி.எப். பார்க்கும் அக்ரோபேட்டில் இதே தொல்லை என்றால், அதற்கு தனி கிளீனர் டூல் இருக்கிறது.

ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு கறுப்பு திரை எல்லாம் இல்லை. சாதாரண ஜன்னலில் பெயரை தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால் சரி. ஆனால் அப்ளிகேஷனை இழுத்து குப்பைத்தொட்டி படத்தில் போடும் மேக் பழக்கத்தை அடோபி விஷயத்தில் விட்டுவிடுங்கள். லைப்ரரி போல்டருக்குள் மிச்சம் கிடந்து இதே பாடு படுத்தும்.

டெலிட் வேண்டாம், பேரை மாத்துங்க

கிளீனர் டூல் ஓடிய பிறகும் சில போல்டர்கள் கிடக்கலாம். வேறு அடோபி சாப்ட்வேர் எதுவும் அந்த கம்ப்யூட்டரில் இல்லை என்றால் மட்டும் இவற்றில் கை வைக்கலாம். அப்போதும் டெலிட் அடிக்காதீர்கள். உதாரணமாக காமன் பைல்சில் உள்ள அடோபி என்ற போல்டரை 'அடோபி பழசு' என்று பெயர் மாற்றுங்கள். இன்ஸ்டாலருக்கு பழைய போல்டர் கண்ணில் படாது, புதிதாக ஒன்று உண்டாக்கிக்கொள்ளும். ஏதாவது தப்பாகிப் போனால் பழைய பெயரை திருப்பி வைத்தால் போதும். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடிய பிறகு 'பழசு'களை அழிக்கலாம்.

தொடக்கூடாத இடங்களும் உண்டு. விண்டோஸ் போல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று ஒரு மறைவான போல்டர் பல ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். இடம் வேண்டும் என்று அதை காலி செய்பவர்கள் இருக்கிறார்கள். அதை அழித்தால் அடோபி மட்டுமல்ல, வேறு பல சாப்ட்வேர்களையும் அப்டேட் செய்யவோ நீக்கவோ முடியாமல் போகும். ரிஜிஸ்ட்ரியில் அடோபி என்று தேடி வந்ததை எல்லாம் அழிப்பதும் அப்படித்தான். அதில் ரீசைக்கிள் பின் கிடையாது. அழித்தது அழித்ததுதான்.

பழைய 'கிராக்' விடாது கருப்பு!

சொல்ல சங்கடமான விஷயம் ஒன்று. ஒரு காலத்தில் திருட்டு வெர்ஷன் ஓட்டிவிட்டு, இப்போது தொழில் வளர்ந்ததும் முறையாக சந்தா கட்டி ஒரிஜினல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டியும் சைன்-இன் ஆகமாட்டேன் என்கிறது. ஏன்?

கிராக் போடும்போது அது 'ஹோஸ்ட்ஸ்' என்ற சின்ன பைலில் சில வரிகளை எழுதி வைத்துவிட்டு போயிருக்கும். விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈ.டி.சி. என்ற போல்டரில் அந்த பைல் இருக்கிறது. அடோபியின் சர்வரை தேடிப் போகும் அழைப்பை, 127.0.0.1 என்று நம் கம்ப்யூட்டருக்கே திருப்பி விடும் வேலை அது. திருட்டு வெர்ஷன் மாட்டிக்கொள்ளாமல் இருக்க செய்த தந்திரம். சாப்ட்வேரை நீக்கினாலும் அந்த வரிகள் போகாது. இப்போது ஒரிஜினலும் கம்பெனியை தொடர்பு கொள்ள முடியாமல் தவிக்கிறது. கிளீனர் டூல் பட்டியலிலேயே ஹோஸ்ட்ஸ் பைலை சரி செய்ய ஒரு எண் இருக்கும். அதை கொடுத்தால் பழைய பைலுக்கு ஒரு காப்பி வைத்துவிட்டு அடோபி வரிகளை நீக்கிவிடும்.

இன்னும் திருட்டு வெர்ஷனில் தொழில் ஓட்டுபவர்கள் கவனிக்க: தெரிந்தே திருட்டு சாப்ட்வேரை கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 1957-ம் ஆண்டு காப்புரிமை சட்டத்தின் 63-பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொல்கிறது.

சி.எஸ்.6 ஓடுதா? அப்படியே விட்டுடுங்க

முறையாக வாங்கிய பழைய பெட்டி வெர்ஷனை இன்னும் ஓட்டுபவர்களுக்கு தனியாக ஒரு வார்த்தை. 2013-ம் ஆண்டில் அடோபி கம்பெனி மாத சந்தா முறைக்கு மாறி, இனி புது சி.எஸ். தொகுப்பு வராது என்று அறிவித்தது. அதற்கு முன்பே, 2012 டிசம்பரில், சி.எஸ்.2-க்கு ஆக்டிவேஷன் கொடுக்கும் சர்வரையும் நிறுத்தியது. பழைய வெர்ஷனை ஒரு தடவை துடைத்துவிட்டால், சீரியல் நம்பர் கையில் இருந்தும் மறுபடி உயிர் கொடுக்க முடியாமல் போகலாம். ஆகவே புது வெர்ஷன் ஏறவில்லை என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் பழையதை பலி கொடுக்காதீர்கள். கிளீனர் டூல் பட்டியலில் அதன் எண்ணை தவிர்த்துவிடுங்கள். வேறு கம்ப்யூட்டரில் புதியதை ஏற்ற வழி இருந்தால் அதுவே நல்லது.

மறுபடி ஏற்றும்போது

எல்லாம் துடைத்து ரீஸ்டார்ட் ஆனதும், யு.பி.எஸ். பேட்டரி தாங்குமா என்று பார்த்துக்கொண்டு, இன்ஸ்டாலை ஆரம்பியுங்கள். நடுவில் வேறு வேலை பார்க்க வேண்டாம்.

அப்போதும் நின்றால், மைக்ரோசாப்ட் தரும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பை புதிதாக போட்டுப் பாருங்கள். போட்டோஷாப் அதை நம்பித்தான் ஓடுகிறது. அதற்கும் மசியவில்லை என்றால் அட்மினிஸ்டிரேட்டர் உரிமையோடு புது யூசர் ஒன்றை உருவாக்கி, அதன் வழியாக நுழைந்து இன்ஸ்டால் போடுங்கள். பழைய யூசரின் போல்டர் உரிமையில் ஏற்பட்ட குளறுபடி பல நேரம் இதில் தீர்ந்துவிடும். யூசர் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வைப்பது நல்லது.

புது யூசரில் போட்டோஷாப் ஜம்மென்று திறந்ததும் பழைய காலண்டர் பைலை உடனே திறந்துவிடாதீர்கள். பழைய யூசருக்கு மட்டும் போட்டிருந்த தமிழ் பாண்டுகள் இங்கே தெரியாது. போட்டோஷாப்பை மூடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்த பாண்டுகளை மொத்தமாக தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் 'இன்ஸ்டால் பார் ஆல் யூசர்ஸ்' கொடுத்துவிட்டு, அதன் பிறகு முருகனை திறக்கலாம்.